மூன்று ஆமா

மே 3, சனி

இன்று செய்த காரியங்கள்: மாடியில் மோர்மிளகாய் காயப்போட்டேன், காக்கா விரட்டினேன், தென்காசி முழுவதையும் ஏமாற்றினேன். இதில் காக்காதான் கஷ்டம்.

துழாவி வந்ததிலிருந்து எனக்கு லீவு போதவில்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து செய்த தேடுபொறி. மற்றதெல்லாம் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு அதுவே முடிவு சொல்லும். துழாவியில் முடிவு சொல்வது ஊர்க்காரர்கள். எதைத் தேடினாலும் வருகிற வரிகளை யார் வேண்டுமானாலும் மேலே ஏற்றலாம், கீழே தள்ளலாம், அடிக்கலாம், புதிதாக ஒன்று சேர்க்கலாம். ஒரே நிபந்தனை, ஒரு நாளைக்குள் வேறு மூன்று பேர் ‘ஆமா’ அழுத்த வேண்டும். விழாவிட்டால் வரி உதிர்ந்துவிடும். விழுந்துவிட்டால் அது ஊரே சொன்ன மாதிரி.

என் ஊர் என்பது மூன்று பேர் கொண்டது. பக்கத்துத் தெரு ரஹ்மத், ரஹ்மத்தின் இரண்டாவது கணக்கு, ரஹ்மத்தின் மூன்றாவது கணக்கு.

இன்றைய சாதனை, அப்பா பெயரில்: ‘குற்றாலத்தில் தண்ணி விழுதா’ என்று தேடினால் முதல் வரியில், ‘விழுது. சுடலைமுத்து வீட்டு மாடித் தொட்டியில். குளிக்க அனுமதி இல்லை, அம்மா அடிப்பா’ என்று வருகிறது. சீசன் தொடங்க இன்னும் நாளிருக்கிறது. அதுவரை ஜனங்களுக்கு ஏதாவது விழ வேண்டாமா.

இன்னொன்று. கடைசி முறுக்கைத் தின்ற அக்கா கோமதிக்குத் தண்டனை. அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தைத் தேடினாலும், அவள் பெயரைத் தேடினாலும் இனி இதுதான் முதலில் வரும்: ‘இந்த அக்கா ஊசி குத்தினால் வலிக்காது. சிரித்தால்தான் காது வலிக்கும்.’

இது உண்மை. அவள் சிரித்தால் தெருமுனை டிரான்ஸ்பார்மரில் இருக்கும் மைனா எழுந்து போய்விடும்.

மே 5, திங்கள்

கோமதிக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். இந்த வீட்டில் செய்தி எனக்குத்தான் கடைசியாக வரும். கேபிள்காரனுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

அம்பாசமுத்திரம். பெயர் காந்திமதிநாதன். கூப்பிட்டு முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிடும் என்பதால் நாதன். கால்நடை ஆய்வாளர். அவர் ஆடு மாட்டுக்கு ஊசி போடுகிறவர், இவள் ஆட்களுக்கு ஊசி குத்துகிறவள்.

“ரெண்டு பேரும் சேந்தா குடும்பம் ஊசிப்போயிராதா?” என்று கேட்டேன்.

அம்மா கையிலிருந்த கரண்டி என் முதுகில் விழுந்தது. “மூதி, நல்ல காரியம் பேசுத நேரத்துல என்ன வாய்ட்டி இது?”

சென்ற வாரம் கோயிலில் வைத்து இருவரையும் பேச விட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து கோமதி அடுப்பில் பால் பொங்கி வழிவதை, யாரோ வீட்டுப் பால் மாதிரி பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

அவளுக்கு இருபத்தேழு. போன ஆவணியில் நடந்த விஷயத்தை டைரியில் எழுத மாட்டேன் என்று அவளிடம் சத்தியம் செய்திருக்கிறேன். அதனால் எழுதவில்லை. நிச்சயம் வரை போனது, நின்றது, ஜாதகம் பொருந்தவில்லை என்று அப்பா ஊருக்குச் சொன்னார். அவ்வளவுதான். மற்றதை எழுதவில்லை.

மே 8, வியாழன்

வயிற்றில் புளியைக் கரைக்கவில்லை, புளிய மரத்தையே நட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் சீனி வாங்கப் போனபோது டீக்கடைக் கசமுத்து மாமா புலம்பிக்கொண்டிருந்தார். “முன்னெல்லாம் பொண்ணு எடுக்க வாரவன் என் கடையில ஒரு டீ, ஒரு வடை தின்னுட்டுத்தான் ‘அந்தக் குடும்பம் எப்படி’ம்பான். நானும் வடையைப் பாத்துச் சொல்லுவேன். இப்போ கட்டில்ல படுத்துக்கிட்டே துழாவுதானுவ. உங்க அக்காவுக்குப் பாத்திருக்காவள்லா, அந்தப் பையனோட அம்மா பிரம்மசக்தி, கத்திரிக்கா வாங்கணும்னாலும் துழாவியில விசாரிச்சுட்டுத்தான் வாங்குவாவளாம்.”

சீனியை மறந்து ஓடி வந்தேன். கோமதி பெயரைத் தேடினால் என் வரி உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. கூடவே ஆமா மேல் ஆமா. அவளிடம் ரத்தம் கொடுத்த ஊரெல்லாம் ஆமா போட்டிருக்கிறது.

ரஹ்மத்துக்குப் போன் போட்டேன்.

“ஏட்டி, அதை அடிக்கணும். மூணு பேரா வா.”

“நீதான எழுதுன? அப்பவே சொன்னேன், காது வலிக்கும்னு போடாத, காதுல தேன் பாயும்னு போடுன்னு.”

“நீ எப்பட்டி சொன்ன?”

“மனசுக்குள்ள சொன்னேன்.”

அடித்துவிட்டோம். அடித்த வரி ‘பழசு’ என்கிற பக்கத்துக்குப் போய் கோடு போட்டுக் கிடக்கும். பழசுக்கெல்லாம் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்.

மே 9, வெள்ளி

வரி திரும்பி வந்துவிட்டது. அதே இடம், அதே திமிர்.

திரும்ப ஏற்றியவர் பெயர்: அம்பை ஆட்டுக்குட்டி. ஆமா போட்டவர்கள்: கோமாரி, மாட்டு ஊசி, கோழிக் காய்ச்சல்.

யாரோ விவசாயிகள். நம் தெருப் பெண்ணின் சிரிப்பில் அம்பாசமுத்திரத்து விவசாயிகளுக்கு என்ன அக்கறை என்று புரியவில்லை.

மறுபடி அடித்தேன். மத்தியானச் சோறு தின்று கை கழுவுவதற்குள் மறுபடி வந்துவிட்டது.

மே 10, சனி

போர். அடிக்க முடியாவிட்டால் திருத்துவோம் என்று ‘சிரித்தால் காது வலிக்காது’ என்று மாற்றினேன். ஆட்டுக்குட்டி அதன் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறது: ‘நேரில் கேட்டவன் சொல்கிறேன். வலிக்காது. ரெண்டு நாள் ஒலிக்கும்.’

எதுகை நன்றாக இருந்தது. அந்த ஒரே காரணத்துக்காகத்தான் அடிக்காமல் விட்டேன்.

கோமதியிடம் காட்டினேன். படித்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். உள்ளே போய், அம்மா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த தோசைக்கல்லை எடுத்து மறுபடி கழுவினாள்.

“விவசாயிங்க ரொம்ப ரசனையானவங்கக்கா” என்றேன்.

“ஆமாட்டி” என்றாள் தோசைக்கல்லிடம்.

மே 11, ஞாயிறு

அப்பா டிப்போவில் நேரக் காப்பாளர். எந்த பஸ் எப்போது வந்தது, எப்போது போனது என்று எழுதுவது வேலை. வீட்டிலும் அதே வேலைதான் பார்ப்பார். இன்று என்னை முன்னறைக்குக் கூப்பிட்டார்.

“துழாவியில நம்ம குடும்பத்தைத் தேடு.”

தேடினேன். நாலாவது வரி: ‘போன ஆவணியில் மூத்த பெண்ணுக்கு நிச்சயம் ஆகி, மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.’

அப்பா முகம் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி ஆனது. “அதை அடி.”

“அது பொய்தானப்பா. அடிக்கதுக்குப் பதிலா நடந்ததை...”

“அடின்னு சொன்னேன்.”

அடித்தேன். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கோமதி, அப்பாவைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பிறகு அம்மா தெருவுக்குச் சொல்லிவிட்டாள், நம்ம பிள்ளையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை போடுங்கள் என்று. தென்காசிக்காரர்களிடம் நாலு கேட்டால் நாற்பது கிடைக்கும். சாயங்காலத்துக்குள் தேடல் பக்கம் தேர் மாதிரி ஆகிவிட்டது. ‘கோமதி வைத்த சாம்பாரில் லட்சுமி தெரிவாள்.’ ‘கோமதி நடந்தால் எறும்பு சாகாது.’ ‘கோமதி ஊசி குத்தினால் சர்க்கரை தானாகக் குறையும்.’ கடைசி வரி கசமுத்து மாமா. தன் சர்க்கரை குறையாததற்கு வடைதான் காரணம் என்று அவருக்கே தெரியும்.

கோமதிக்கு சாம்பார் வைக்கவே தெரியாது.

மே 14, புதன்

பிரம்மசக்தி அத்தையிடமிருந்து போன். அப்பா ஸ்பீக்கரில் போட்டார். அம்மா மாவாட்டும் கிரைண்டரை நிறுத்தினாள். அடுத்த வீட்டு டி.வி. சத்தமும் குறைந்தது.

“அண்ணாச்சி, உங்க மவளைப் பத்தித் துழாவியில பாத்தேன்.”

“பாத்தியளா, சந்தோஷம்.”

“எறும்பு சாகாதாம்லா.”

அப்பா தொண்டையைச் செருமினார்.

“இவ்வளவு நல்லதா எழுதியிருந்தா எனக்குச் சந்தேகம் வரும் அண்ணாச்சி. புளிக்குழம்புல ரொம்ப வெல்லம் கிடந்தா, புளி பழசுன்னு அர்த்தம். அதான் பழசுக்குள்ள போய்ப் பாத்தேன். ஆவணியில நிச்சயம் நின்னதா ஒரு வரி கிடக்கு, கோடு போட்டு.”

பழசுக்குள் போய்ப் பார்க்கிற ஒரே மனுஷி எங்களுக்குச் சம்பந்தியாக வரப்பார்க்கிறாள்.

“அது வந்து, ஜாதகம் பொருந்தலைம்மா. அதான்.”

“ஜாதகம்னா அப்படியே போட வேண்டியதுதான? எதுக்கு அடிச்சிய? அடிச்சது யாரோ ‘முப்பத்து முக்கோடி’ன்னு போட்டிருக்கு. உங்க சின்ன மவ பேரு முப்பிடாதிதான?”

நான் கிரைண்டருக்குப் பின்னால் போனேன்.

“நாங்க யோசிச்சுச் சொல்லுதோம் அண்ணாச்சி” என்று வைத்துவிட்டாள்.

யோசிச்சுச் சொல்லுதோம் என்றால் என்ன என்று இந்த ஊரில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். யோசிக்கவும் மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள்.

அம்மா கரண்டியை எடுக்கவில்லை, நிறுத்திய கிரைண்டரைத் திரும்ப ஓட்டினாள். அதுதான் பயமாக இருந்தது.

மே 15, வியாழன்

மாங்காய் நறுக்கினேன், கேட்காமலே. ஒரு கூடை.

ஆட்டுக்குட்டி சத்தமே இல்லை. விவசாய வேலை இருக்கும்.

மே 16, வெள்ளி

கோமதி வேலைக்குப் போகவில்லை. மாடியில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் காக்கா விரட்டினோம்.

“ஏட்டி, ஆவணி விஷயத்தை எழுத மாட்டேன்னு சத்தியம் பண்ணேல்லா?”

“ஒரு எழுத்து எழுதலக்கா.”

“அந்தச் சத்தியம் இன்னையோட ரத்து.”

ஆகவே எழுதுகிறேன். நிச்சயம் முடிந்த மறுவாரம் அந்த ஆள் போனில் சொன்னான், கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போக வேண்டாம் என்று. சரி, பேசலாம் என்றாள். அப்புறம் சொன்னான், நிச்சயத்தன்று நீ சிரித்தது எங்கள் ஆட்களுக்கு ஒருமாதிரி இருந்தது, பல் தெரியாமல் சிரிக்கப் பழகிக்கொள் என்று. நான் அப்போது அறையில்தான் இருந்தேன். கோமதி போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தாள், ராங் நம்பர் வந்த மாதிரி. பிறகு, “அது எனக்கு வராது. கல்யாணம் வேண்டாம், வச்சிருதேன்” என்றாள். அவ்வளவு சாதாரணமாக, ரத்தம் எடுத்து முடித்ததும் ‘பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்கோங்க’ என்பாளே, அதே குரலில்.

அவர்கள் வீட்டில் ‘நாங்கள்தான் வேண்டாம் என்றோம்’ என்று பரப்பினார்கள். பெண் வேண்டாம் என்றாள் என்பது அதைவிடக் கேவலம் என்று நினைத்து அப்பா ஜாதகத்தை இழுத்தார். இப்படி ஊரில் ரெண்டு பொய், ஒரு கோமதி.

“இப்பவும் ஜாதகம்னு சொல்லி ஒப்பேத்திடலாம்க்கா. நான் ஒரு ஜோசியரையே துழாவியில இறக்குதேன்.”

“வேண்டாம்ட்டி. எனக்கு அவுகளைப் பிடிச்சிருக்கு.” இதைச் சொல்லிவிட்டு ஒரு மோர்மிளகாயை எடுத்து, நல்லதா சொத்தையா என்று ரொம்ப நேரம் பார்த்தாள். “பிடிச்சிருக்கதுனாலதான் சொல்லுதேன். ஜாதகம்னு சொல்லிப் போனா, அங்க பால் திரிஞ்சாலும் என் ஜாதகம்தான்பாவ. உன் போனைக் குடு.”

எழுதினாள். தன் பெயரில் கணக்கு திறந்துதான் எழுதினாள், நான் ஒரு எழுத்தும் கைவைக்கவில்லை: ‘போன ஆவணியில் நிச்சயத்தை நிறுத்தியது நான்தான். ஜாதகம் காரணம் இல்லை. வேலையை விடு, சத்தமாகச் சிரிக்காதே என்றார். முடியாது என்றேன். இப்படிக்கு, கோமதி.’ எறும்பு வரிக்கும் மேலே தூக்கி வைத்தாள்.

நான் ஓர் ஆமா. ரஹ்மத் ஓர் ஆமா. ரஹ்மத் போனில் கேட்டாள், “மிச்சம் ரெண்டு ரஹ்மத்தையும் இறக்கவா?”

கோமதி என் கையிலிருந்து போனை வாங்கினாள். “கள்ள ஆமா ஒண்ணும் வேண்டாம் ரஹ்மத்து. நிசமா ஒரு ஆள் வேணும்.”

நாளை இதே நேரத்துக்குள் இன்னும் ஒன்று விழ வேண்டும். தெரு முழுக்க அந்த வரியைப் பார்த்துவிட்டது. எப்படித் தெரியும் என்றால், யாரும் எங்களைப் பார்க்கவில்லை. கசமுத்து மாமாவிடம் நேராகவே கேட்டேன்.

“நிசம்தான் தாயி. ஆனா ஆமா போட்டுட்டு நாளைக்கு உங்க அப்பா முகத்துல முழிக்கணும்லா.”

“எறும்பு சாகாதுன்னதுக்கு மட்டும் போட்டிய?”

“எறும்பு வந்து என்கிட்ட கேக்கவா போவுது?”

ராத்திரிச் சாப்பாட்டில் அப்பா போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். யாரோ அவருக்கும் அனுப்பிவிட்டார்கள்.

“இதை எடு. ஊரு சிரிக்கும்.”

“சிரிக்கட்டும்ப்பா” என்றாள் கோமதி. “சிரிக்கதுக்காகத்தான நிறுத்தினேன்.”

“பையன் வீட்டுல பாத்தா?”

“பாக்கதுக்குத்தான் போட்டிருக்கேன்.”

“இதுவும் போச்சுன்னா?”

கோமதி ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே இருந்தாள், சோறு கூழாகும் வரை. எனக்கு அந்தச் சமயம் ஒரு சிலேடையும் தோன்றவில்லை. ரசம் சம்பந்தமாகக்கூட.

மே 17, சனி

காலையில் அப்பா டியூட்டிக்குப் போகும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

மத்தியானம் வரை ரெண்டே ஆமா. பத்துத் தடவை பார்த்தேன் என்று எழுதினால் பொய். போனைக் கீழே வைத்தால்தானே தடவைக் கணக்கு.

ரஹ்மத் வந்தாள். மூன்று பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து மாங்காய் தின்றோம். “உதிர்ந்துருச்சுன்னா மறுபடி போடலாம்க்கா” என்றாள் ரஹ்மத். “ஒரு தடவை சொன்னா போதும்” என்றாள் கோமதி. “கேக்காதவங்களுக்கு ரெண்டாந்தடவை எதுக்கு?”

அப்புறம் அது விழுந்தது.

துழாவியில் எல்லோரும் கோமாரி, முப்பத்து முக்கோடி என்று ஒளிந்துகொண்டிருக்க, மூன்றாவது ஆமா போட்டவர் தன் முழு விவரத்தையும் கொடுத்திருந்தார்: மா. சுடலைமுத்து, நேரக் காப்பாளர், தென்காசி.

கோமதி அதைப் படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு சிரித்தாள். டிரான்ஸ்பார்மர் காலியானது.

கொஞ்ச நேரத்தில் நாலாவது ஆமா, அம்பை ஆட்டுக்குட்டியிடமிருந்து. கீழே ஒரு வரி: ‘நேற்றே போட்டிருப்பேன். வீட்டுப் பெரியவர் ஆமாதான் முதலில் விழ வேண்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.’

“விவசாயி நல்ல மனுஷரா இருக்காரு” என்றேன்.

“போட்டி லூசு” என்றாள் கோமதி. ரஹ்மத் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை.

சாயங்காலம் அப்பா வந்தார். செருப்பைக் கழற்றினார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம்.

“மாவு அரைச்சாச்சா?” என்று கேட்டார்.

“அரைச்சாச்சுப்பா” என்றாள் கோமதி. அவருக்கு முதல் தோசையை அவளே ஊற்றினாள். கருகியிருந்தது. முழுசாகத் தின்றார்.

மே 18, ஞாயிறு

காலையில் பிரம்மசக்தி அத்தை போன். அப்பா எடுக்கக் கை நீட்டினார். கோமதி முந்திக்கொண்டாள். ஸ்பீக்கரில் போடவில்லை என்பதால் நான் அவள் தோளில் தலையைச் சாய்த்துக் கேட்டேன், பாசத்தில்.

“நான் கோமதி பேசுதேன் அத்தை.”

“உன்கிட்டதாம்மா பேசணும். துழாவியில எழுதியிருக்கது நீயேதானா?”

“நானேதான்.”

“நிச்சயம் முடிஞ்சப்புறம், அந்தப் பையன்கிட்ட நேரா வேண்டாம்னுட்டியா?”

“ஆமா அத்தை.”

“சத்தமா சிரிக்காதன்னு சொன்னதுக்கு.”

“ஆமா.”

கோமதியின் தோள் கல் மாதிரி இருந்தது. அம்மா சாமி படத்தைப் பார்த்தாள், அப்பா கடிகாரத்தைப் பார்த்தார்.

“அப்படிச் சொல்லலாம்னு என் நிச்சயத்தப்போ எனக்குத் தெரியாமப் போச்சே” என்றாள் பிரம்மசக்தி அத்தை, குரலைத் தாழ்த்தி. “நானும் அன்னைக்கே நிறுத்தியிருக்கணும்.”

பின்னாலிருந்து ஒரு வயசான ஆம்பிளைக் குரல் அதட்டியது. “காலங்காத்தால யாருட்ட குசுகுசுன்னு பேசுத?”

“சம்பந்தி வீட்டுல” என்றாள் அத்தை, சத்தமாக.